தனியறையும் மனந்திரும்புதலும்: பிலதெல்பியாச் சிறை வரலாறு நமக்குக் கற்பிப்பது

சிறைச்சாலை குற்றவாளியைத் தண்டிப்பதற்கா, திருத்துவதற்கா என்னும் வினா எழும்போதெல்லாம் திருச்சபையைச் சார்ந்தோர் தயக்கமின்றித் திருத்தத்தின் பக்கமே நிற்கின்றனர். இரக்கமுள்ள கடவுளை அறிக்கையிடுவோர் வேறு பக்கம் நிற்பது எங்ஙனம் என்று கருதுகின்றனர். அவர்கள் எடுக்கும் நிலை தவறன்று. ஆயின், திருத்தத்தை விரும்புவதனாலேயே நாம் கொடுமையினின்று விலகி நிற்கிறோம் என்று எண்ணுவோமாயின் அது பெரும் பிழையாகும். புதிய காலச் சிறைகளுள் மனித உள்ளத்தை மிகக் கடுமையாக நசுக்கிய ஒரு முறையைத் தோற்றுவித்தவர்கள், பழிவாங்கும் வெறி கொண்டவர்கள் அல்லர். திருமறையைக் கையில் ஏந்தி, மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் கட்டளைக்குக் கீழ்ப்படிய விழைந்த புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்களே. அவர்கள் கட்டிய சிறையின் வரலாற்றை ஆராய்ந்து, இன்றைய ஆயர்களும் இறையியல் மாணவரும் அதிலிருந்து கற்க வேண்டியது யாதென நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சிறை தண்டனையாகுமுன்

குற்றத்திற்குத் தண்டனை சிறைவாசம் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தில் சிறை என்பது பெரும்பாலும் விசாரணைக்கும் தீர்ப்பு நிறைவேற்றத்திற்கும் காத்திருக்கும் இடமாகவும், கடனாளிகளை அடைத்துவைக்கும் இடமாகவுமே இருந்தது. தூக்குமரம், கசையடி, பொதுவிடத்தில் மரக்கட்டையில் பூட்டி நிறுத்துதல், கடல்கடந்து நாடு கடத்துதல் ஆகியவையே தண்டனைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 200க்கும் மேற்பட்டிருந்தன.

இந்நிலையை உலகறியச் செய்தவர் ஜான் ஹோவர்டு. 1726இல் பிறந்த இவர் ஆங்கிலத் திருச்சபைக்குப் புறம்பான சுயாதீனச் சபைப் பிரிவைச் சார்ந்தவர். இளமையில் போர்த்துக்கல் நோக்கிக் கப்பலில் செல்கையில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கிச் சிறைவாசத்தைத் தாமே அனுபவித்தவர். 1773இல் பெட்ஃபோர்டு மாவட்டத்தின் ஷெரீப் பொறுப்பை ஏற்றபோது, அவரை முதலில் அதிரவைத்தது தண்டனையின் கடுமையன்று. குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோரும், வழக்கே தொடரப்படாதோரும், சிறைக் காவலருக்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாமையால் மீண்டும் சிறைக்குள் இழுத்துச் செல்லப்பட்டதே அவரைத் திடுக்கிடச் செய்தது. காவலருக்குச் சம்பளம் இல்லை. கைதிகளிடம் பெறும் கட்டணமே அவர்தம் வருவாய். ஹோவர்டு நாடெங்கும் குதிரையில் பயணம் செய்து ஒவ்வொரு சிறையிலும் உள்ளோர் எண்ணிக்கை, உணவு, நீர், காற்று, கட்டண விகிதம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, 1777இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் சிறைகள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1790இல் ரஷ்யப் பேரரசிலிருந்த கெர்சோன் நகரில், தொற்றுக் காய்ச்சலுக்கு ஆளாகி இறந்தார்.

அவருடைய முயற்சியின் பயனாக இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1779இல் இயற்றிய சட்டத்தில் 'பெனிடென்ஷியரி' என்னும் சொல் இடம்பெற்றது. பாவத்திற்காக மனம் வருந்துதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது இது. திருச்சபையின் சொல் ஒன்று அரசின் சட்டத்திற்குள் புகுந்த தருணம் என இதனைக் கூறலாம். இரவில் தனியறை, பகலில் பிறரோடு சேர்ந்து உழைப்பு, சமய போதனை என்பதே அச்சட்டத்தின் திட்டம். பகலிலும் ஒருவர் முகத்தை ஒருவர் காணலாகாது என்னும் எண்ணம் அதில் இல்லை என்பதை நினைவிற் கொள்க.

2. பிலதெல்பியாவின் நல்லெண்ணம்

வட அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், நண்பர் சங்கத்தார் எனப்படும் குவேக்கர் பிரிவினர். விசுவாசத்தின் பொருட்டுத் தாமே இலண்டன் சிறைகளில் கிடந்தவர். அவர் காலத்தில் 1682இல் இயற்றப்பட்ட சட்டத் தொகுப்பு, மரண தண்டனையைக் கொலைக் குற்றத்திற்கு மட்டுமே விதித்தது. 1718இல் அவர் மறைந்த ஆண்டிலேயே அச்சட்டம் மாறி, ஆங்கிலேயரின் கடுமையான தண்டனைகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

விடுதலைப் போருக்குப்பின், 1786இல் பென்சில்வேனியா அரசு புதிய முறையொன்றைக் கொணர்ந்தது. குற்றவாளிகள் தலை மழிக்கப்பட்டு, சங்கிலி பூட்டப்பட்டு, நகரத் தெருக்களைச் செப்பனிடும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். மக்கள் கூடி ஏளனம் செய்தனர். கைதிகளும் வசைமொழியால் மறுமொழி தந்தனர். இக்காட்சி தண்டிக்கப்படுவோரையும் காண்போரையும் ஒருங்கே கெடுக்கிறது என்பதை மருத்துவர் பெஞ்சமின் ரஷ் உணர்ந்தார். அமெரிக்க விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்டோருள் ஒருவரான அவர், 1787 மார்ச்சில் பெஞ்சமின் பிராங்கிளின் இல்லத்தில் வாசித்த கட்டுரையில், வெளிப்படையான தண்டனைகள் வெட்கத்தை அழித்து மனிதனைக் கடினப்படுத்துகின்றன என்று வாதிட்டார்.

அதே ஆண்டு மே மாதத்தில், பொதுச் சிறைகளின் துன்பங்களைத் தணிப்பதற்கான பிலதெல்பியாச் சங்கம் தோன்றியது. குவேக்கர்கள் அதில் வலுவாக இருந்தனர். ஆயினும் அது அவர்களுடையது மட்டுமன்று. எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயர் வில்லியம் ஒயிட் அதன் தலைவராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். சங்கத்தார் தம் அமைப்பு விதிகளின் முகப்பில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தைப் பொறித்தனர். மனிதன் செய்த குற்றம், அவனுக்கு நாம் செய்யவேண்டிய அன்பின் கடமையை நீக்கிவிடுவதில்லை என்பது அவர்தம் அடிப்படைக் கொள்கை. பசித்த கைதிக்கு உணவும், ஆடையற்றவனுக்கு ஆடையும் வழங்குவதில் தொடங்கிய அவர்தம் பணி, விரைவில் சிறை அமைப்பையே மாற்றும் முயற்சியாயிற்று. 1790இல் வால்நட் தெருச் சிறையில் பதினாறு தனியறைகள் கட்டப்பட்டன. 1794இல் முதல்தரக் கொலையைத் தவிர ஏனைய குற்றங்களுக்கு மரண தண்டனை நீக்கப்பட்டது.

தூக்குமரத்தினின்று மனிதரை மீட்டதே இச்சீர்திருத்தத்தின் முதற் பயன் என்பதை நாம் மறக்கலாகாது. பின்வரும் குறைகளைக் கூறும்போது இந்நன்மையை மறைப்பது வரலாற்றிற்கு நியாயம் செய்வதாகாது.

3. செர்ரி குன்றின் கோட்டை

வால்நட் தெருச் சிறையில் கைதிகள் நிரம்பி வழிந்தனர், ஒழுங்கு குலைந்தது. தனிமை போதிய அளவு இல்லாமையே தோல்விக்குக் காரணம் எனச் சங்கத்தார் முடிவு செய்தனர். அவர்கள் வற்புறுத்தலால் 1821இல் புதிய சிறைக்கான சட்டம் நிறைவேறியது. ஜான் ஹேவிலண்டு என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி, நகர்ப்புறத்தில் செர்ரி மரத்தோப்பு இருந்த இடத்தில், 1829 அக்டோபரில் கிழக்கு மாநிலச் சிறை திறக்கப்பட்டது.

நடுவில் ஒரு கண்காணிப்புக் கூடம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் ஏழு நீண்ட கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் இருபுறமும் தனியறைகள். வெளியே அச்சமூட்டும் கோட்டைச் சுவர்; உள்ளே தேவாலயத்தின் கூடத்தை நினைவூட்டும் வளைவுகள். அறையின் கூரையில் வானத்தின் ஒளி இறங்கும் சிறு துளை. அறையை ஒட்டிச் சுற்றுச்சுவருடன் கூடிய சிறு முற்றம். நாள்தோறும் ஒரு மணி நேரம் கைதி அதில் உலவலாம். அண்டை முற்றத்தில் அதே வேளையில் எவரும் விடப்படுவதில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மாளிகையிலும் காணப்படாத குழாய்நீர்க் கழிப்பிட வசதியும் சூடேற்றும் அமைப்பும் இச்சிறையின் அறைகளில் இருந்தன. கைதிகளின் உடல்நலத்தில் அதனை அமைத்தோர் கருத்தாயிருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

சிறையின் முதல் கைதி பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர். திருட்டுக் குற்றத்திற்காக ஈராண்டுத் தண்டனை பெற்றவர். சிறைக்குள் நுழையும் கைதியின் தலையில் முகத்தை மறைக்கும் உறை மாட்டப்பட்டது. பெயர் நீக்கப்பட்டு எண் வழங்கப்பட்டது. செருப்புத் தைத்தல், நெய்தல் முதலிய வேலையை அறைக்குள்ளேயே செய்ய வேண்டும். கையில் ஒரு திருமறை. சிறை அதிகாரிகள், சமய போதகர், அனுமதி பெற்ற சங்க உறுப்பினர் ஆகியோரையன்றி வேறு மனித முகத்தைத் தண்டனை முடியும்வரை காண இயலாது. குடும்பத்தாரின் கடிதமும் இல்லை, வருகையும் இல்லை.

இதன் பின்னணியில் ஓர் இறையியல் இருந்தது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு. தீய நட்பும் உலக இரைச்சலும் அதனை மூடுகின்றன. அவற்றை அகற்றிவிட்டால் மௌனத்தில் மனச்சான்று பேசும். மனிதன் தன் பாவத்தை உணர்ந்து மனந்திரும்புவான் என்பதே அது. குவேக்கரின் மௌன ஆராதனையை அறிந்தோர்க்கு இதன் வேர் தெளிவாகும். ஆனால் இரண்டிற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குவேக்கர் மௌனமாக அமர்வது தம் சகோதர சகோதரிகளின் நடுவே, தம் விருப்பத்தால். கைதியோ கட்டாயத்தின்பேரில் தனியே அமர்த்தப்பட்டான். சபையின் மௌனத்தை எடுத்துக்கொண்டு, சபையை விட்டுவிட்டனர் அச்சிறையை அமைத்தோர்.

4. ஆபர்னும் பாஸ்டனும்

அண்டை மாநிலமாகிய நியூயார்க்கில் வேறொரு சோதனை நடந்தது. 1821ஆம் ஆண்டின் இறுதியில் ஆபர்ன் சிறையில் எண்பது கைதிகள் வேலை ஏதுமின்றி முழுத் தனிமையில் அடைக்கப்பட்டனர். நோயும் மனநோயும் சாவும் பெருகின. ஈராண்டுக்குள் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆளுநர் அவர்களுள் இருபத்தாறு பேரை மன்னித்து விடுவித்தார். விடுவிக்கப்பட்டோருள் பதினான்கு பேர் புதிய குற்றங்களுக்காக மீண்டும் சிறை புகுந்தனர். தனிமை அவர்களைத் திருத்தவில்லை; உடைத்தது மட்டுமே.

பின்னர் ஆபர்னில் இரவில் தனியறை, பகலில் ஒன்றுகூடிய உழைப்பு என்னும் முறை வகுக்கப்பட்டது. ஆனால் உழைப்பின்போது ஒரு சொல்லும் பேசலாகாது. மீறினால் உடனே கசையடி. பாஸ்டன் நகரில் 1825இல் சிறை ஒழுங்குச் சங்கத்தை நிறுவிய லூயி டுவைட் என்னும் சபைக் குரு, இம்முறையின் பெரும் ஆதரவாளரானார். திருமறைச் சங்கத்தின் சார்பில் சிறைகளுக்கு வேதாகமங்களை எடுத்துச் சென்றபோது அங்குக் கண்ட சீர்கேடே அவரை இப்பணிக்கு அழைத்தது. மனிதனின் வீழ்ச்சியை வலியுறுத்தும் கால்வினிய மரபில் வந்த அவர், மனிதனைத் தன் உள்ளத்தோடு தனியே விடுவதில் நம்பிக்கை கொள்ளவில்லை. இடைவிடாத ஒழுங்கும் மேற்பார்வையும் வேண்டும் என்றார்.

இவ்வாறு இரு நகரங்களின் கிறிஸ்தவச் சங்கங்கள் ஏறத்தாழ இருபதாண்டுகள் துண்டு வெளியீடுகளாலும் ஆண்டறிக்கைகளாலும் ஒன்றையொன்று தாக்கின. உட்புற ஒளியை நம்பியோர் தனிமையையும், வீழ்ந்த இயல்பை வலியுறுத்தியோர் சாட்டையையும் ஆதரித்தனர். இரண்டு தரப்பினரும் கைதியின் ஆன்ம ஈடேற்றத்தையே நாடினர். கைதியை எவரும் வினவவில்லை.

5. கண்டு சொன்ன சாட்சிகள்

1831இல் பிரெஞ்சு அரசின் சார்பில் அமெரிக்கச் சிறைகளைக் காணவந்த போமோன், தொக்வில் என்னும் இரு இளைஞர், இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 1833இல் அறிக்கை வெளியிட்டனர். பிலதெல்பியாவில் தொக்வில் அறை அறையாகச் சென்று கைதிகளோடு தனித்தே உரையாடினார். தங்களுக்கிருந்த ஒரே ஆறுதல் வேலையே என்று பலர் கூறினர். தண்டனையாக எண்ணப்பட்ட உழைப்பு, அங்கு அருளாயிற்று. முழுமையான உள்மாற்றம் சிறையில் நிகழ்வது அரிது. அதனை அளந்தறியும் கருவியும் மனிதரிடம் இல்லை. கீழ்ப்படியும் பழக்கத்தையும் உழைக்கும் பழக்கத்தையும் வேண்டுமாயின் சிறை கற்பிக்கலாம் என்பது அவ்விருவரின் மதிப்பீடு. இறையியலாரைவிட அரசியல் ஆய்வாளர் இங்கு மிகுந்த தாழ்மையோடு பேசியதைக் காண்கிறோம்.

நல்லெண்ணம் கொடுமையைத் தடுக்கவில்லை. 1833இல் இச்சிறையில் பேச்சுத் தடையை மீறிய ஒரு கைதியின் வாயில் இரும்புக் கடிவாளம் பூட்டப்பட்டது. அவர் அதனால் மாண்டார். அடுத்த ஆண்டில் தொடங்கிய சட்டமன்ற விசாரணையில் இச்செய்தி வெளிவந்தது. அன்றைய சிறைத் தலைவரும் ஒரு குவேக்கரே.

1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் இச்சிறையைப் பார்வையிட்டார். இதனை வகுத்தோர் இரக்கமும் நல்நோக்கமும் உடையவர்கள் என்பதை அவர் ஐயுறவில்லை. ஆயினும், தாம் செய்வது இன்னதென அவர்கள் அறியவில்லை என்றும், மனித மூளையின் நுண்மையை நாள்தோறும் மெல்லச் சிதைப்பது உடலை வதைப்பதைவிடக் கொடியது என்றும் தம் பயண நூலில் எழுதினார். உடலின் காயம் கண்ணுக்குத் தெரியும்; அலறல் காதில் விழும். இக்காயமோ எவர் கண்ணிலும் படாது. ஆகவேதான் நல்லோரும் அதனைச் சகித்துக்கொண்டனர்.

எனினும் இம்முறை உலகெங்கும் பரவியது. அதே 1842இல் இலண்டனில் திறக்கப்பட்ட பென்டன்வில் சிறை இதனைப் பின்பற்றியது. அங்கே ஆலயத்தில்கூட ஒவ்வொரு கைதிக்கும் தனித் தடுப்பு; குருவைக் காணலாம், பக்கத்திலிருப்பவனைக் காண இயலாது. தொடக்கத்தில் பதினெட்டு மாதமாக இருந்த தனிமைக் காலம், மனநோய் பெருகியமையால், படிப்படியாக ஒன்பது மாதமாகக் குறைக்கப்பட்டது. 1890இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் பழைய தனிமைச் சிறையின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்து, கைதிகளுள் பலர் உணர்விழந்த நிலையை அடைந்தனர், சிலர் பித்துற்றனர், சிலர் தற்கொலை செய்தனர், தாங்கிநின்றோரும் பொதுவாகத் திருந்தவில்லை என்று பதிவு செய்தது. பிலதெல்பியாவில் நெரிசலால் நெடுநாள் முன்னரே தளர்ந்துபோன தனிமை முறை 1913இல் முறைப்படி கைவிடப்பட்டது. சிறை 1971இல் மூடப்பட்டது.

இதற்கு மாறாக, அதே குவேக்கர் மரபில் வந்த எலிசபெத் பிரையின் பணியை ஈண்டு ஒப்பிடுதல் தகும். 1813இல் இலண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்கு முதன்முறை சென்ற அவர், 1817இல் அங்கே பள்ளியும் தையல் வேலையும் தொடங்கினார். ஒழுங்கு விதிகளை அப்பெண்களிடமே வாசித்துக்காட்டி, ஒவ்வொரு விதிக்கும் அவர்தம் கையுயர்த்தலால் இசைவு பெற்றார். மீளாத் தனிமையை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக எதிர்த்தார். பிலதெல்பியாவின் சங்கத்தார் கைதிக்காகச் சுவரை எழுப்பினர்; பிரை கைதிகளின் நடுவே அமர்ந்தார். ஒரே விசுவாசத்தினின்று இருவேறு வழிகள் பிறந்தன.

6. திருத்தம் வேறு உருவில்

தனிமை முறை தளர்ந்த பின்னும் திருத்தத்தின் இலட்சியம் மடியவில்லை. 1870இல் சின்சினாட்டி நகரில் கூடிய சிறை மாநாடு, துன்புறுத்துவதன்று, திருத்துவதே சிறையின் இலக்கு என அறிவித்தது. திருந்தும்வரை சிறை என்னும் கால வரையறையற்ற தண்டனையை அது பரிந்துரைத்தது. 1876இல் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா சீர்திருத்தப் பள்ளி இக்கொள்கையின்படி இயங்கத் தொடங்கியது. கல்வியும் தொழிற்பயிற்சியும் அங்கிருந்தன. ஆனால், கைதி எப்போது வெளியேறலாம் என்பதை அதிகாரிகளின் மதிப்பீடே நிர்ணயித்தது. அதன் தலைவர் கைதிகளைக் கடுமையாக அடித்தமை 1890களில் விசாரணைக்குள்ளாயிற்று.

இப்போக்கின் ஆபத்தைக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1949இல் எழுதிய கட்டுரையில் சுட்டினார். தண்டனை என்னும் சொல்லில் தகுதி என்னும் கருத்து அடங்கியுள்ளது. மூன்றாண்டு தண்டனைக்குரிய குற்றத்திற்கு மூன்றாண்டுக்குமேல் விதிப்பது அநீதி என எவரும் முறையிடலாம். ஆனால் சிகிச்சைக்கு எல்லை ஏது? நோய் தீரும்வரை சிகிச்சை. தீர்ந்ததா என்பதை முடிவு செய்பவரும் சிகிச்சை அளிப்பவரே. ஆகவே இரக்கத்தின் பெயரால் மனிதன் உரிமைகளை உடைய ஆளாக இல்லாமல் வெறும் பொருளாக்கப்படுகிறான் என்பது அவர் வாதம். 1971இல், பிலதெல்பியாச் சிறை மூடப்பட்ட அதே ஆண்டில், அமெரிக்க நண்பர் சங்கத்தாரின் சேவைக் குழு வெளியிட்ட அறிக்கையும் வேறு கோணத்தினின்று அதே முடிவை எட்டியது. கால வரையறையற்ற தண்டனை ஏழைகளையும் கறுப்பின மக்களையும் அதிகாரிகளின் விருப்பத்திற்கு அடிமையாக்குகிறது என்று அது கண்டித்தது. தனியறையைத் தோற்றுவித்தோரின் சந்ததியார் அளித்த வாக்குமூலமாகவே இதனைக் கொள்ளலாம்.

ஆனால் கதை இங்கு மகிழ்ச்சியாக முடியவில்லை. 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்னும் சமூகவியலாளர் 231 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, திருத்தத் திட்டங்கள் மறுகுற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார். எதுவும் பயன்படாது என்னும் முழக்கமாக இது அரசியலாரால் மாற்றப்பட்டது. 1979இல் அவரே தம் முடிவைத் திருத்தி, சில திட்டங்கள் பயன் தருகின்றன என்று ஒப்புக்கொண்டபோது கேட்பாரில்லை. திருத்தம் போயிற்று, அதன் இடத்தில் நீதியின் அளவு வரவில்லை, கடுமையே வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநில, மத்தியச் சிறைகளில் ஏறத்தாழ 2 லட்சமாயிருந்த கைதிகள் 2009இல் 16 லட்சமாயினர். 1983இல் இல்லினாய் மாநிலத்து மேரியன் சிறையிலும், 1989இல் கலிபோர்னியாவின் பெலிக்கன் பே சிறையிலும் தனியறை மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை திருமறையும் இல்லை, மனந்திரும்புதலின் எதிர்பார்ப்பும் இல்லை. முன்னோர் ஆன்மாவுக்காக எழுப்பிய சுவர், ஆன்மாவை மறந்த தலைமுறைக்கும் பயன்பட்டது.

7. நம் நாட்டில்

இந்தியாவில் இவ்வரலாறு வேறு வகையில் சென்றது. மெக்காலேயின் தூண்டுதலால் அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் அளித்த அறிக்கை, பெரிய மத்தியச் சிறைகளையும் சலிப்பூட்டும் கடின உழைப்பையும் பரிந்துரைத்தது. சமய போதனை, கல்வி முதலிய திருத்த முயற்சிகளை ஒதுக்கித் தள்ளியது. 1860இன் தண்டனைச் சட்டம் தனிமைச் சிறையை அனுமதித்து, மொத்தம் மூன்று மாதத்திற்கு மேற்படலாகாது, ஒரே தொடர்ச்சியில் பதினான்கு நாட்களுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது. சென்னை அரசின் நிர்வாகத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் 1919-20இல் அமைந்த சிறைக் குழுவே திருத்தத்தை இந்தியச் சிறையின் இலக்காக முதன்முறை அழுத்தமாகக் கூறியது. 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், சிறை வாயிலைக் கடப்பதனால் மனிதன் தன் அடிப்படை உரிமைகளை இழப்பதில்லை எனவும், சிறைச் சட்டத்தின் பெயரால் தனிமைச் சிறை விதிக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை எனவும் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய நியாயச் சட்டத் தொகுப்பு சில சிறு குற்றங்களுக்குச் சமுதாயப் பணியைத் தண்டனையாக்கியுள்ளது. தனிமைச் சிறையையும் அப்படியே வைத்துக்கொண்டுள்ளது.

இவற்றினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் உள்ளோருள் நான்கில் மூன்று பங்கினர் இன்னும் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். தண்டிப்பதா, திருத்துவதா என்னும் வினா இவர்களைப் பொறுத்தவரை எழவே இடமில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவனைத் தண்டிக்கவும் இயலாது; திருத்தவும் இயலாது. பிணைத்தொகை கட்ட இயலாத ஏழை, கட்டணம் கட்ட இயலாமல் ஹோவர்டின் கண்முன் நின்ற அதே மனிதனல்லவா?

8. இறையியல் நோக்கு

இவ்வரலாற்றினின்று மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, மனந்திரும்புதல் அரசின் கைவேலையன்று. அது தூய ஆவியானவரின் செயல். அதனை உண்டாக்கும் இயந்திரத்தை அமைக்க முயன்றபோது, முயன்றவர்கள் தம்மை அறியாமலே கடவுளின் இடத்தில் அமர்ந்தனர். ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் மனிதனின் தனிமையை நன்றன்று எனக் கண்டவர் கடவுளே. அத்தனிமையைத் திருத்தத்தின் கருவியாக்கியது படைப்பின் ஒழுங்கிற்கே மாறானது. சிறையிலிருந்த பவுல் தனிமையைப் போற்றவில்லை. நண்பர்களை வரவேண்டினார், கடிதம் எழுதினார், ஒநேசிமுவைச் சிறையிலேயே மகனாகப் பெற்றார்.

இரண்டாவது, தண்டனைக்கு நீதியின் எல்லை தேவை. திருத்தம் அவ்வெல்லையை நீட்டும் காரணமாகலாகாது. கல்வியும் தொழிலும் மருத்துவமும் போதனையும் கைதிக்குக் கிடைக்கவேண்டும். ஆனால் அவை வழங்கப்படவேண்டியவை, திணிக்கப்படவேண்டியவை அல்ல. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து பதினைந்து நாட்களுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையைத் தடைசெய்கின்றன. இது மேலைநாட்டு மென்மை அன்று. இருநூறாண்டுத் துன்பத்தினால் பெற்ற அறிவு.

மூன்றாவது, இரு கொள்கைகளும் குற்றத்தால் துன்புற்றவனை மறந்துவிட்டன. தண்டிப்போர் சட்டத்தையும், திருத்துவோர் குற்றவாளியின் உள்ளத்தையும் நோக்கினர். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் சகேயுவின் மனமாற்றம் வீட்டில், உணவுவேளையில், பிறர் முன்னிலையில் நிகழ்ந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதில் வெளிப்பட்டது. 1974இல் கனடாவின் ஒண்டேரியோ மாநிலத்தில் மெனோனைட் திருச்சபையைச் சார்ந்த நன்னடத்தை அலுவலர் ஒருவரின் ஆலோசனைப்படி, இருபத்திரண்டு இடங்களில் சேதம் விளைவித்த இரு இளைஞர் வீடு வீடாக அழைத்துச் செல்லப்பட்டு, பாதிக்கப்பட்டோரைச் சந்தித்து இழப்பீடு செலுத்தினர். பாதிக்கப்பட்டவரும் குற்றமிழைத்தவரும் ஒப்புரவாகும் முறைகள் பல நாடுகளில் பரவுவதற்கு அதுவும் ஒரு தொடக்கமாயிற்று. எல்லாக் குற்றங்களுக்கும் இது பொருந்துமெனக் கூறுவதற்கில்லை. கொடுமை இழைத்தோரைச் சமுதாயத்தினின்று விலக்கிவைக்க வேண்டிய நிலையும் உண்டு. பாதிக்கப்பட்டவரை மன்னிக்குமாறு வற்புறுத்துவதும் வேறொரு கட்டாயமே. எனினும், மனமாற்றம் மனிதர் நடுவே நிகழும் என்னும் திருமறை உண்மைக்கு இது சான்றாகிறது.

சிறைப்பட்டோரைப் பற்றிய ஆண்டவரின் கட்டளை, சென்று காண்பது பற்றியதே. பிலதெல்பியாச் சங்கத்தார் அக்கட்டளையோடுதான் தொடங்கினர். சென்று காண்பதற்கு மாறாகச் சிறையைக் கட்டுவதில் அவர்தம் ஆற்றல் சென்றபோது வழி தவறினர். நம் மறைமாவட்டங்களில் மத்தியச் சிறையோ கிளைச் சிறையோ இல்லாத வட்டாரங்கள் சிலவே. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒருநாள் பாடல் பாடி இனிப்பு வழங்கித் திரும்புவதோடு நம் பணி முடிந்துவிடுகிறதா? பிணையின்றி நாட்களை எண்ணும் விசாரணைக் கைதியின் வழக்கு எந்நிலையில் உள்ளது என்று வினவவும், சட்ட உதவி பெற்றுத் தரவும், வெளியே தவிக்கும் அவன் மனைவி மக்களைச் சபையின் உறவில் சேர்க்கவும், அவன் விடுதலையாகி வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஆலய இருக்கையில் அவனருகே அமரவும் நம் சபையார் ஆயத்தமா? இறையியல் மாணவர் தம் களப்பணியிலும், ஆயர்கள் தம் சபைக் குழுக்களிலும் இவ்வினாவை எழுப்பி, செயல்திட்டமாக்குவார்களாக.